ஆன்லைன் கடையில் உடைந்த நம்பிக்கை: விற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆன்லைன் கடைகளின் கஸ்டமர் கேரில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். இப்போது, ஏதாவது சொதப்பிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் சிறு கடைக்காரர்களோடு பேசுவது என் வேலையில் ஒரு பகுதி. அவர்கள் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான். உங்கள் சிக்கல் எதுவோ அதற்கு நேராகப் போய்ப் படிக்கலாம். அவசரம் இல்லாதவர்கள் முதலிலிருந்து வாருங்கள்.

ஒரு பார்சல் தாமதமானதற்கே "உங்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது" என்று எழுதுகிறார்களே, இது கொஞ்சம் அதிகமில்லையா?

நேரில் கடைக்குப் போகிறவர் பொருளைத் தொட்டுப் பார்க்கிறார், புரட்டிப் பார்க்கிறார், அப்புறம்தான் பணத்தை எடுக்கிறார். ஆன்லைனில் எல்லாம் தலைகீழ். பணம் முதலில் போய்விடுகிறது. பொருள் இன்னும் வெறும் படம்தான். நடுவில் இருக்கும் அந்த நாலைந்து நாளும் அவர் கையில் இருப்பது நீங்கள் கொடுத்த வாக்கு மட்டும். "வியாழக்கிழமை வரும்" என்பதும் அந்த வாக்கில் சேர்த்தி. வியாழன் போய், வெள்ளியும் போய், யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால் அவர் மனம் பார்சலோடு நிற்காது. என் பணம் எங்கே, கார்டு விவரம் யார் கையில் இருக்கிறது, இது கடைதானா என்று ஓடும். நமக்கு அது ஆயிரத்தில் ஒரு ஆர்டர். அவருக்கு நம் கடை என்றாலே அந்த ஒரு ஆர்டர்தான்.

தப்பு என்றால் தப்புதானே? வகை பிரித்துப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பிரிக்க வேண்டும். கை தவறியதால் வந்த தப்பு ஒன்று. மனசாட்சி தவறியதால் வந்த தப்பு இன்னொன்று. அளவு மாறிப்போன செருப்பு, உடைந்து வந்த கண்ணாடி, எண்ணிக்கை பிசகிய ஸ்டாக் எல்லாம் முதல் வகை. விலையை ஏற்றி எழுதிவிட்டு "பாதி விலை" என்று காட்டுவது, ஒவ்வொரு முறை பக்கத்தைத் திறக்கும்போதும் மறுபடி ஓடத் தொடங்கும் "இன்னும் 10 நிமிடம்தான்" கடிகாரம், பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் திடீரென்று முளைக்கும் கட்டணம், இவை இரண்டாவது.

மக்கள் இரண்டையும் ஒரே தராசில் வைப்பதில்லை. 2004இல் அமெரிக்காவில் பீட்டர் கிம் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். திறமைக் குறைவால் வந்த பிழை என்றால் மன்னிப்புக் கேட்பது நன்றாக வேலை செய்தது. நேர்மைக் குறைவு என்று குற்றம் சாட்டப்பட்டால், மன்னிப்பைவிட மறுப்பு எடுபட்டது. உடனே "அப்போ மறுத்துவிடலாம்" என்று கிளம்பிவிடாதீர்கள். தப்பு செய்தது பிற்பாடு அம்பலமானபோது, முதலிலேயே மன்னிப்புக் கேட்டவர்கள்தான் தேறினார்கள் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆன்லைனில் எல்லாவற்றுக்கும் ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாத இடம் இது.

தப்பு நடந்தது தெரிந்ததும் முதலில் செய்ய வேண்டியது என்ன?

அந்தப் பொருளை விற்பனையிலிருந்து தூக்குங்கள். பாதிக்கப்பட்டவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுங்கள். அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். மூன்றாவதில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம், நானும் விழுந்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு சிறிய கடையின் கிடங்கில் 14 மேசை விளக்குகள் இருந்தன. ஸ்டாக் ஷீட்டில் யாரோ ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகத் தட்டி 140 ஆக்கிவிட்டார்கள். தள்ளுபடி போட்ட இரவு. காலையில் பார்த்தால் 61 ஆர்டர். ஆக, 47 பேருக்குக் கொடுக்க விளக்கே இல்லை. "இரண்டு நாளில் சப்ளையரிடமிருந்து வந்துவிடும், அதற்குள் எதற்கு ஊரைக் கூட்ட வேண்டும்" என்று சும்மா இருந்தோம். நாங்கள்தான் சும்மா இருந்தோம், சிஸ்டம் இருக்கவில்லை. வழக்கம்போல 47 பேருக்கும் "உங்கள் ஆர்டர் அழகாகத் தயாராகிக்கொண்டிருக்கிறது!" என்று தானாக ஒரு மெயில் அனுப்பிவிட்டது, ஆச்சரியக்குறியோடு.

மூன்றாம் நாள் உண்மையைச் சொன்னோம். பணத்தையும் திருப்பினோம். பெரும்பாலானவர்கள் விளக்கு இல்லாததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெண்மணி மட்டும் அந்தத் தானியங்கி மெயிலுக்கே பதில் போட்டிருந்தார், இரண்டே சொல்: "எது தயாராகிறது?"

ஒரு பூஜ்யம் கூடியது கை தவறிய தப்பு. அந்த இரண்டு நாள் மௌனம்தான் அதை மற்ற வகைக்குத் தள்ளியது. அதனால்தான் சொல்கிறேன், சிக்கல் வந்ததும் தானாகப் போகும் மெயில்களை முதலில் நிறுத்துங்கள்.

மன்னிப்பு மெயிலை எப்படி எழுதுவது?

வழக்கமாக வரும் மெயில் இது: "தவிர்க்க முடியாத சில காரணங்களால் தங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய அசௌகரியத்திற்கு வருந்துகிறோம். தங்கள் ஆதரவே எங்கள் பலம்." இதில் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. "ஏற்பட்டிருக்கக்கூடிய" என்பது இன்னும் மோசம். அவருக்கு அசௌகரியம் ஏற்பட்டதா என்பதிலேயே நமக்குச் சந்தேகம் என்பதுபோல இருக்கிறது.

விளக்கு விஷயத்தில் கடைசியில் நாங்கள் அனுப்பியது ஏறக்குறைய இப்படி: "நீங்கள் செவ்வாய்க்கிழமை வாங்கிய மேசை விளக்கு எங்களிடம் இல்லை. எங்கள் கணக்கில் ஒரு எண்ணைத் தப்பாகப் பதிந்துவிட்டோம். அது தெரிந்தும் இரண்டு நாள் உங்களிடம் சொல்லாமல் இருந்தோம். அதுவும் எங்கள் தப்பு. இன்று காலை 11 மணிக்கு முழுப் பணத்தையும் திருப்பி அனுப்பிவிட்டோம், அதன் எண் கீழே இருக்கிறது. விளக்குதான் வேண்டும் என்றால், வந்ததும் சொல்கிறோம். வேண்டாம் என்றால் எதுவும் செய்ய வேண்டியதில்லை."

என்ன நடந்தது, யார் தப்பு, பணம் எங்கே, இனி அவர் ஏதாவது செய்ய வேண்டுமா. இவ்வளவு போதும். கீழே ஒரு மனிதரின் பெயர் இருக்கட்டும். பதில் போட முடியாத முகவரியிலிருந்து மன்னிப்புக் கேட்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

மன்னிப்போடு ஒரு கூப்பனும் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

ஓரளவுக்கு ஆகும். இதற்கு நல்ல ஆதாரமே இருக்கிறது. ஊபர் நிறுவனத்தில், பயணம் தாமதமான சுமார் 15 லட்சம் பேரை வைத்து ஜான் லிஸ்ட் உள்ளிட்ட பொருளாதார நிபுணர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். சிலருக்கு வெறும் மன்னிப்பு, சிலருக்கு மன்னிப்போடு கூப்பன், சிலருக்கு எதுவுமே இல்லை. வார்த்தையைவிடக் காசுதான் பேசியது: அடுத்த பயணத்துக்கான கூப்பனோடு வந்த மன்னிப்பே நன்றாக வேலை செய்தது. ஆனால் ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப மன்னிப்பு போனபோது, ஒன்றுமே அனுப்பாமல் இருந்ததைவிட நிலைமை மோசமானது. அதுவும் நியாயம்தான். "இனி நடக்காது" என்று சொன்னது மறுபடி நடந்தால், முதல் மன்னிப்பும் சேர்ந்து பொய்யாகிவிடுகிறதே.

கூப்பன் பற்றி என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். பணம் அவர் கணக்குக்குத் திரும்புவதற்கு முன் கூப்பன் போகக்கூடாது. "எங்கள் காசையே இன்னும் தரவில்லை, அதற்குள் அடுத்ததை வாங்கச் சொல்கிறார்கள்" என்றுதான் படும். இத்தனை ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் செல்லும், ஏழு நாளில் காலாவதி என்று நிபந்தனை போட்ட கூப்பனும் அப்படியே. அது இழப்பீடு இல்லை, விளம்பரம்.

ரீஃபண்ட் அனுப்பிவிட்டோம். ஆனாலும் "வரவில்லை" என்று தினமும் சண்டை. என்ன செய்ய?

நீங்கள் "ரீஃபண்ட்" பொத்தானை அழுத்தும் நேரமும் அவர் கணக்கில் பணம் விழும் நேரமும் ஒன்றில்லை. கார்டில் கட்டிய பணம் உங்கள் பேமென்ட் நிறுவனம், விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு வலைப்பின்னல், அவருடைய வங்கி என்று பல கை மாறித்தான் திரும்புகிறது; அதற்குப் பல வேலை நாட்கள் ஆகலாம். வாடிக்கையாளருக்கு இதெல்லாம் தெரிய வேண்டிய அவசியமில்லை. நீங்கள் தெரிவிக்க வேண்டியது மூன்று: என்றைக்கு அனுப்பினீர்கள், எந்தக் கணக்குக்கு, வங்கியில் காட்டிக் கேட்பதற்கான பரிவர்த்தனை எண் என்ன. அந்த எண்ணைக் கொடுத்த நாளிலிருந்து சண்டை பாதியாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

இழுத்தடித்தால் என்ன ஆகும்? அவர் வங்கிக்குப் போய்ப் பரிவர்த்தனையையே மறுப்பார். சார்ஜ்பேக் என்பார்கள். விசா, மாஸ்டர்கார்டில் இதற்குப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. பணமும் போகும், அபராதக் கட்டணமும் சேரும். அளவுக்கு மேல் போனால் கார்டு நிறுவனங்கள் உங்களைக் கண்காணிப்புப் பட்டியலில் போடும்; கார்டில் பணம் வாங்கும் வசதியே பறிபோகலாம்.

பொருளைத் திருப்பி வாங்குவதிலும் இதே மனநிலை வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 ஜூன் முதல், ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருட்களைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். சட்டம் இல்லாத இடத்திலும் இதைச் சொந்த விதியாக வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம். ரிட்டர்ன் பக்கத்தை ஒளித்து வைத்திருக்கும் கடையில் ஒரு தடவை மாட்டியவர் மறுபடி வருவாரா? சூடு கண்ட பூனை கதைதான்.

தப்பு கூரியர்காரர்களுடையது. நான் எதற்குப் பழி சுமக்க வேண்டும்?

பணம் வாங்கியது நீங்கள் என்பதால். கூரியரோடு உங்கள் வழக்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழுதான பொருளுக்குப் பதிலாக வேறொன்று அனுப்பினோம். அதுவும் பழுது. இப்போது?

இதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். 2016இல் சாம்சங் இதைக் கண்டது. கேலக்ஸி நோட் 7 போன்கள் தீப்பிடித்ததால் செப்டம்பரில் திரும்பப் பெற்று வேறு போன்கள் கொடுத்தார்கள். அவையும் தீப்பிடித்தன. அக்டோபரில் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கப்புறம் நடந்தது. 2017 ஜனவரியில், வெளி நிறுவனங்களையும் வைத்துச் சோதித்து, முதல் தொகுதி பேட்டரியில் இருந்த கோளாறு ஒன்று, மாற்றாக வந்த தொகுதியில் இருந்த கோளாறு வேறு என்று பகிரங்கமாக விளக்கினார்கள். பேட்டரிக்கு எட்டு விதச் சோதனை வைத்திருப்பதாகவும் அறிவித்தார்கள். அதே வருடம் வந்த அடுத்த மாடலை மக்கள் வாங்கினார்கள்.

சிறிய கடைக்கு ஆய்வகம் தேவையில்லை. மாற்றுப் பொருளை வழக்கமான வரிசையில் விடாமல், ஒருவர் கையில் எடுத்துப் பிரித்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி கட்டி அனுப்பினால் போதும். "அனுப்பும் முன் சரிபார்த்தது" என்று தேதியோடு ஒரு சீட்டை உள்ளே வையுங்கள். இரண்டாவது தடவையும் தவறினால் மூன்றாவது பொருள் அனுப்புவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். பணமா, பொருளா என்று அவரைக் கேளுங்கள்.

ஒன்றாம் ஸ்டார் ரிவ்யூக்களை நீக்கிவிடலாமா?

வேண்டாம். பாதிக் காரணம் நேர்மை. மீதிப் பாதி வியாபாரம். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்பீகல் ஆய்வு மையம் பார்த்ததில், ஒரு பொருளை வாங்கும் வாய்ப்பு 4.0 முதல் 4.7 ஸ்டார் வரை உள்ளபோதுதான் உச்சத்தில் இருந்தது; 5ஐ நெருங்க நெருங்கக் குறைந்தது. எல்லாமே ஐந்து ஸ்டார் என்றால் யாருக்கும் நம்பத் தோன்றுவதில்லை. நானே எதை வாங்கினாலும் முதலில் ஒன்றாம் ஸ்டாரைத்தான் படிக்கிறேன். நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

காசு கொடுத்து நல்ல ரிவ்யூ எழுத வைப்பது வேறு ரகம். அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 அக்டோபர் முதல் போலி ரிவ்யூக்களை வாங்குவதையும் விற்பதையும், மிரட்டி மோசமான ரிவ்யூவை எடுக்க வைப்பதையும் தடை செய்திருக்கிறது.

மோசமான ரிவ்யூக்குப் பதில் எழுதும்போது, அதை எழுதியவரை மட்டும் நினைக்காதீர்கள். அவர் போய்விட்டிருக்கலாம். படிக்கப் போவது இன்னும் வாங்காதவர்கள். "உங்கள் ஆர்டரில் மூடி உடைந்து வந்தது, 12ஆம் தேதி புதியது அனுப்பினோம், இப்போது பெட்டிக்குள் அட்டை வைத்துக் கட்டுகிறோம்" என்று எழுதினால், அந்த அட்டையைப் பற்றித்தான் அவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

வாடிக்கையாளர் விவரங்கள் திருடு போய்விட்டன. எப்போது, எவ்வளவு சொல்ல வேண்டும்?

சட்டக் கடமை இடத்துக்கு இடம் மாறும், வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஐரோப்பாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே முதல் வைத்திருக்கும் அளவுகோல், தெரிந்த 72 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது. மக்களுக்குப் பெரிய ஆபத்து இருந்தால் அவர்களுக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.

2012 ஜனவரியில் செருப்பு, உடை விற்கும் ஜாப்போஸ் தளத்தில் சுமார் 2.4 கோடிப் பேரின் விவரம் கசிந்தது. உடனே எல்லோருடைய பாஸ்வேர்டையும் ரத்து செய்து, எல்லோருக்கும் மெயில் அனுப்பினார்கள். எது போனது (பெயர், முகவரி, கார்டின் கடைசி நான்கு எண்கள்), எது போகவில்லை (முழுக் கார்டு எண்) என்று பிரித்துச் சொன்னார்கள். வரப்போகும் அழைப்புகளைத் தொலைபேசி தாங்காது என்று கணித்து, அதைத் தற்காலிகமாக மூடிவிட்டு, ஊழியர்களை மெயிலுக்குப் பதில் எழுத உட்கார வைத்தார்கள். தொலைபேசியை மூடியது சரியா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் எது போனது, எது போகவில்லை என்று பிரித்துச் சொன்னது மிகச் சரி.

கசிவுக்குப் பிறகு போகும் மெயிலில் "இங்கே அழுத்தி பாஸ்வேர்டை மாற்றுங்கள்" என்று லிங்க் வைக்காமல் இருப்பது நல்லது. திருடர்களும் அதே நாளில் அதே மாதிரி மெயில் அனுப்புவார்கள். தளத்துக்கு நேராக வந்து மாற்றச் சொல்லுங்கள். அதே பாஸ்வேர்டை வேறு எங்காவது வைத்திருந்தால் அங்கேயும் மாற்றச் சொல்லுங்கள்.

"100 சதவீதம் பாதுகாப்பானது" என்று பூட்டுப் படம் போட்டால் நம்பிக்கை வருமா?

பூட்டுக்கு இப்போது மதிப்பில்லை. மோசடித் தளங்களிலும் அதே பூட்டு இருந்ததால், கூகுள் குரோம் 2023 செப்டம்பரில் முகவரிப் பட்டையிலிருந்து அதையே எடுத்துவிட்டது. உங்கள் தளத்தில் பூட்டுப் படம் போட நினைத்த இடத்தில் கடையின் முகவரி, தொலைபேசி எண், எத்தனை மணிக்கு யார் எடுப்பார்கள் என்று போடுங்கள். எடுக்கவும் செய்யுங்கள்.

பேசாமல் பெயரை மாற்றிப் புதுக் கடையாகத் தொடங்கிவிட்டால்?

பலர் செய்கிறார்கள். அதற்கும் ஒரு விலை உண்டு. ஈபே தளத்தில் நீண்ட நாள் நற்பெயர் உள்ள ஒரு விற்பனையாளர், ஒரே மாதிரிப் பழைய அஞ்சலட்டைகளைத் தன் பெயரிலும், புதிதாகத் தொடங்கிய கணக்குகளிலும் விற்றுப் பார்த்த ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. பழைய பெயருக்கு 8.1 சதவீதம் கூடுதல் விலை கிடைத்தது. பொருள் அதே, விற்றவரும் அதே ஆள். பெயரைத் தூக்கி எறிந்தால், கெட்டதோடு சேர்த்து அந்தப் பல வருட நல்லதும் போகிறது. பழைய பெயர் கண்டுபிடிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

நாங்கள் தெரிந்தேதான் ஏமாற்றினோம். இப்போது மாற நினைக்கிறோம். வழி உண்டா?

இப்படி நேராகக் கேட்டவர்கள் மிகக் குறைவு; கேட்டவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஓடும் கடிகாரத்தையும் பொய்த் தள்ளுபடியையும் எடுத்தால் அடுத்த மாதம் விற்பனை விழலாம். அதைத் தாங்க முடியுமா என்று முதலில் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். தாங்க முடியாமல் பாதியில் பழையபடி திரும்பினால் தொடங்காமலே இருந்திருக்கலாம். அப்புறம் வாயால் சொல்வதைவிட, மறுபடி ஏமாற்றினால் உங்களுக்கே வலிக்கிற மாதிரி ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள். கடந்த சில மாத விலைகளைப் பொருளின் பக்கத்திலேயே காட்டலாம். சொன்ன தேதி தவறினால் டெலிவரிக் கட்டணம் அவர் கேட்காமலே திரும்பிப் போகலாம். ஒரே அழுத்தில் சந்தாவை நிறுத்தும்படி வைக்கலாம். நல்லவராகிவிட்டேன் என்று அறிவிப்பு எதுவும் வேண்டாம்.

எவ்வளவு நாளாகும்? திரும்பி வருகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாள் கணக்கு யாராலும் சொல்ல முடியாது. பிரச்சினையை நன்றாகத் தீர்த்துவைத்தால், பிரச்சினையே வராதவரைவிட அதிகப் பிரியம் வரும் என்று ஒரு கருத்து 1990களிலிருந்து சுற்றுகிறது. சில சமயம் நடக்கும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். சிலர் வரவே மாட்டார்கள். கணக்கை அழிக்கச் சொன்னால் உடனே அழித்துவிடுங்கள். "உங்களை மிஸ் பண்ணுகிறோம்" என்று துரத்த வேண்டாம்.

விற்பனைத் தொகையைவிட நான் உன்னிப்பாகப் பார்ப்பது வேறு சில. "என் ஆர்டர் எங்கே" என்று கேட்டு வரும் மெயில்கள் குறைகின்றனவா? பொருள் கைக்கு வந்தபிறகு பணம் தருகிறேன் என்றவர்கள் முன்கூட்டியே கட்டத் தொடங்குகிறார்களா? பழைய ஆட்கள் சின்னதாக ஏதாவது வாங்குகிறார்களா? இந்தக் கடைசி ஒன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. சூடுபட்டவர் திரும்பும்போது பெரிய ஆர்டரோடு வர மாட்டார். போனாலும் பரவாயில்லை என்ற தொகைக்கு ஒன்றை வாங்கி நம்மைச் சோதிப்பார். அந்த ஆர்டரைக் கண்டுபிடித்துத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

"எது தயாராகிறது?" என்று கேட்ட பெண்மணி எட்டு மாதம் கழித்து ஒரே ஒரு பல்பு ஆர்டர் செய்தார். டெலிவரிக் குறிப்பு எழுதும் பெட்டியில், "இதாவது இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார். கிடங்கில் இருந்த பையன் அந்தப் பல்பைக் கையில் பிடித்து, ஆர்டர் எண் எழுதிய சீட்டைப் பக்கத்தில் வைத்து போட்டோ எடுத்தான். அதை அவருக்கு அனுப்பினோம். பதில் எதுவும் வரவில்லை. அடுத்த மாதம் இரண்டு மேசை விளக்குகள் வாங்கினார். குறிப்புப் பெட்டி காலியாக இருந்தது.